பாசாங்

வியாழக்கிழமை மத்தியானம் மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சனிக்கிழமை காலை நான் முதுகில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தெலுக் பஹாங் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். நடுவில் ஒரு வேளைகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கூட வந்த பெண்கள், லீடருக்கு வயசாகிவிட்டது, மேடு ஏற முடியவில்லை என்று கேலி செய்தார்கள். நானும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவதுபோல நின்று காட்டினேன்.

அறைக்குள் சொன்னது இதுதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான் லைன் லீடராக இருந்த வரிசையை இரண்டு வாரத்தில் மூடப்போகிறார்கள். கையால் பொருத்தும் வேலைக்கு இயந்திரம் வந்துவிட்டது. வரிசையிலிருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கடிதம் தயார். எனக்கு மட்டும் இல்லை. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமாம். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமை கம்பெனி கேம்பை நிறுத்தினால் சந்தேகம் வரும், அதனால் நீ போய் எல்லோரோடும் கலகலப்பாக இரு என்றார் மேனேஜர். சம்பளத்துக்கு வேலை செய்திருக்கிறேன். சம்பளத்துக்குக் கலகலப்பாக இருந்தது அதுதான் முதல் தடவை.

வெட்டப்போகிற ஆட்டுக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். எங்களுக்கு ஆரஞ்சு நிற டீ-சட்டை கொடுத்தார்கள். முதுகில் ‘ஒரே குடும்பம்’ என்று மலாயில் அச்சடித்திருந்தது. என் முன்னால் முப்பது முதுகுகள் அதைச் சுமந்துகொண்டு மேடு ஏறின. ஒன்றரை மணி நேரம் நான் அதைத்தான் படித்துக்கொண்டு நடந்தேன்.

அந்த முதுகுகளில் ஒன்று அக்காவுடையது. கூடப் பிறந்தவள் இல்லை. பதினான்கு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவள், என்னைவிட எட்டு வயது மூத்தவள். சுங்கை பாக்காப்பில் வீடு. விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறி, பாலத்தைக் கடந்து தீவுக்கு வருவாள். நான் லீடரானபோது அவளுக்கு வரவேண்டியது எனக்கு வந்துவிட்டது என்று பலர் முணுமுணுத்தார்கள். அவளோ அன்றைக்கு ஒரு டப்பா நிறைய ரவா லட்டு கொண்டுவந்து, ‘எங்க லீடரம்மா’ என்று ஊருக்கே கொடுத்தாள். அப்படிப்பட்டவளிடம் மறைக்கத்தான் என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

மேடு முடிந்து பாதை இறங்கத் தொடங்கும் இடத்தில் அவள் எனக்காக நின்றாள். முகமெல்லாம் வேர்வை.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். யாருகிட்டயும் சொல்லிடாத. பத்து காவான்ல ஒரு பெக்டரிக்கு இன்டர்வியூ போனேன்லா. எடுத்துட்டாங்க.”

பத்து காவான் அவள் வீட்டிலிருந்து மோட்டாரில் இருபது நிமிடம். பாலம் கடக்க வேண்டாம், இருட்டில் எழுந்திருக்க வேண்டாம். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது மாதிரி இருந்தது. அப்பாடா, இவள் தப்பித்தாள், நான் வாயைத் திறக்காமலே தப்பித்தாள் என்று நினைத்தேன்.

“நல்ல சேதிதானேக்கா” என்றேன்.

“நல்ல சேதிதான். ஆனா மனசு வரமாட்டேங்குது. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வாட்ஸ்அப்ல பதில் போடணும், இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்களாம். பதினாலு வருஷம் இங்க கெடந்துட்டு, அங்க போய் யாரு மூஞ்சில முழிக்கறது? நீ சொல்லு. நீ போன்னா போறேன். இருன்னா இருக்கேன்.”

ஒரே ஒரு சொல். ‘போ’ என்றால் போதும். காகிதத்தில் எழுதியிருந்ததை மீற வேண்டியதுகூட இல்லை, காரணம் சொல்லாமலே ‘போங்கக்கா’ என்று சொல்லியிருக்கலாம். இதை நான் அதற்குப் பிறகு ஆயிரம் முறை யோசித்துவிட்டேன். அந்த இடத்தில் நின்றபோது தோன்றியது வேறு. இவளை நான் போகச் சொல்லி, இரண்டு வாரத்தில் வரிசை மூடப்பட்டால், லீடருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, ஒருத்தியை மட்டும் தப்பிக்க விட்டிருக்கிறாள் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். மேனேஜருக்கும் விளங்கும். என் வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான். பயந்தேன். வேறு காரணம் எதையும் இங்கே இட்டுக்கட்டி எழுத மாட்டேன்.

“கேம்ப்புக்குப் போய்ப் பேசிக்கலாம்கா, மொதல்ல எறங்குவோம்” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.

கூடாரம் போடும் இடம் கடலை ஒட்டிய மரங்களுக்கு அடியில் இருந்தது. வேர்கள் மண்ணுக்கு மேலே முட்டிக்கொண்டிருந்தன. இருபதடி தள்ளினால் மணல், அதற்குப் பிறகு கடல். ஜெல்லி மீன் இருப்பதால் குளிக்கத் தடை என்று பலகை. அழகான இடம்தான். அழகை என்ன செய்வது?

எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒரு கூடாரம். கடலைப் பார்த்துத்தான் தூங்க வேண்டும் என்று அவள் மணலுக்குப் பக்கத்திலேயே துணியை விரித்துவிட்டாள். காவலுக்கு இருந்த மலாய்க்காரர் தூரத்திலிருந்தே கை காட்டினார்.

“கெமா பாசாங் அத்தாஸ் சிக்கிட், காக். பெத்தாங் நந்தி ஆயர் பாசாங்.”

கூடாரத்தைக் கொஞ்சம் மேலே போடுங்கள், சாயங்காலம் கடல் ஏறும் என்கிறார். நாலு மணி வாக்கில் என்று விரலைக் காட்டிச் சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

“பாத்தியா, இங்கயும் பாசாங்கு விடல நம்பள.”

இது எங்கள் பழைய வேடிக்கை. மலாயில் கூடாரம் போடுவதும் பாசாங், விளக்கு மாட்டுவதும் பாசாங், கடல் ஏறுவதும் பாசாங். எங்கள் வரிசையில் இடுக்கியால் சின்னச் சின்ன உறுப்புகளை எடுத்துப் பொருத்துகிற வேலைக்கும் அதேதான் பெயர். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, சரியாக பாசாங் பண்ணுங்கள் என்று கத்திவிட்டுப் போனார். அக்கா தலையைத் தூக்காமல், “பாசாங்கா? அதெல்லாம் நமக்குப் பொறந்ததுலேருந்தே வரும்” என்றாள். நான் சிரித்த சிரிப்பில் முகமூடி கழன்றுவிட்டது. அன்றிலிருந்து அந்த மலாய்ச் சொல்லின் வாலில் நாங்கள் ஒரு ‘கு’வை ஒட்டவைத்துவிட்டோம். ‘இன்னிக்கு எத்தன பாசாங்குக்கா?’ ‘ஆயிரத்து இருநூறு பாசாங்குடி.’ வீட்டில் குழாய் மாட்டினாலும் பாசாங்கு, தீபாவளிக்கு வாசலில் விளக்குத் தொங்கவிட்டாலும் பாசாங்கு. எந்த பாசாங், எந்தப் பாசாங்கு என்று எங்களுக்கே பிரித்துப் பார்க்கத் தோன்றாத அளவுக்கு அது பழகிப்போயிருந்தது.

கூடாரத்தை மேலே தள்ளி அவள்தான் போட்டாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முளையை எங்கே அடித்தாலும் வேர் தட்டியது. அவள் குந்தி உட்கார்ந்து, விரலால் மண்ணைத் தடவித் தடவி, மெத்தென்று இருந்த இடமாகப் பார்த்து அடித்தாள். பதினான்கு வருடம் மயிரிழை அளவில் வேலை செய்த விரல்கள். அந்த விரல்களுக்குப் பதிலாக வரப்போகிற இயந்திரத்தின் படத்தை மேனேஜர் எனக்குக் கைப்பேசியில் காட்டியிருந்தார். வெள்ளையாக, குளிர்சாதனப் பெட்டி மாதிரி இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களும் சார்டின் மீனும் ரொட்டியும். ரொட்டியில் பாதியைக் குரங்குகள் தூக்கிக்கொண்டு போயின. மேனேஜர் படகில் வந்து இறங்கினார், ஒன்றரை மணி நேரம் நடக்க அவருக்கு என்ன தலையெழுத்தா? கையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு பேசினார். நாமெல்லாம் ஒரே குடும்பம், கஷ்டமோ நஷ்டமோ சேர்ந்தே இருப்போம், வரப்போகும் வருடங்களில் இன்னும் பெரிதாக வளர்வோம். பேசி முடித்துவிட்டு, லைன் லீடர் வந்து எல்லோரையும் உற்சாகப்படுத்தட்டும் என்று ஒலிபெருக்கியை என் கையில் திணித்தார்.

நான் கத்தினேன். மூன்று முறை கத்தினேன். பெண்களும் மூன்று முறை திருப்பிக் கத்தினார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்று, சத்தமாக, உண்மையாகவே சந்தோஷமாகக் கத்தியவள் அக்காதான். மேனேஜர் கைதட்டிவிட்டு மறுபடி படகேறிப் போய்விட்டார்.

கூடாரத்துக்குத் திரும்பியதும் அவள் காலை நீட்டிப் படுத்தாள். உள்ளே அனலாக இருந்தது. கூடாரத் துணி நீலம் என்பதால் அவள் முகமும் நீலமாகத் தெரிந்தது.

“கேட்டியா, மேனேஜர் பேசனத? சேர்ந்தே இருப்போம்கறாரு. இந்த நேரத்துல விட்டுட்டுப் போனா நன்றிகெட்டவள்னு சொல்ல மாட்டாங்க? நான் முடிவு பண்ணிட்டேன்லா. அஞ்சு மணிக்கு முன்னாடி மாட்டேன்னு போட்டுர்றேன்.”

மணி மூன்றுகூட ஆகவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது. பக்கத்துக் கூடாரத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருப்பது தெளிவாகக் கேட்டது. நாங்கள் பேசினால் அவர்களுக்கும் கேட்கும். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், கூடாரத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னேன்.

“பாசாங்குக்கா. எல்லாம் பாசாங்கு.”

அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மேனேஜர் பேசியது பாசாங்கு, டீ-சட்டை பாசாங்கு, நான் கத்தியது பாசாங்கு, அதை நம்பி இருந்துவிடாதே என்று அதற்கு அர்த்தம். தமிழில் ஒரு சொல் சொல்லிவிட்டேன், இனி அவள் பிடித்துக்கொள்வாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அக்கா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“பாசாங்கா? இப்பவேவா? நாலு மணின்னுல்ல சொன்னாரு!”

குனிந்து வெளியே ஓடினாள். மணலோரம் நாங்கள் கழற்றி வைத்திருந்த செருப்புகளையும் தண்ணீர்ப் பெட்டியையும் அள்ளிக்கொண்டு வந்தாள். அடுத்த கூடாரத்துப் பெண்களிடமும், “பாசாங் ஏறுதாம்டி, சாமானெல்லாம் உள்ள எடுத்து வைங்க” என்று குரல் கொடுத்தாள். பிறகு இடுப்பில் கைவைத்துக் கடலைப் பார்த்தாள்.

“எங்க ஏறுது? இன்னும் அங்கதானே கெடக்குது. உனக்கு எப்பவும் அவசரம்.”

சிரித்தாள். அவளுடைய தப்பு இல்லை. பதினான்கு வருடமாக நாங்கள் இருவரும் சேர்ந்து கெடுத்துவைத்த சொல் அது. இல்லைக்கா, நான் சொன்னது கடலை இல்லை என்று சொல்வதற்கு எனக்கு ஒரு நொடி போதும். அந்த நொடி என் கையில் இருந்தது. நான் எனக்கு என்ன சொல்லிக்கொண்டேன் தெரியுமா? சொல்லியாகிவிட்டது, அவள் புரிந்துகொள்ளாவிட்டால் நான் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டேன். கோழைக்கும் ஒரு மனசாட்சி உண்டு. அதற்கு ஒரு பிடி அரிசி போட்டால் போதும், கொத்திக்கொண்டு கிடக்கும்.

கூடாரத்து இடத்தில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடையாது. வந்த பாதையிலேயே கால் மணி நேரம் மேலே ஏறினால் ஒரு வளைவில் கிடைக்கும் என்று காவலர் சொல்லியிருந்தார். நாலரை மணிக்கு அவள் கிளம்பினாள். துணைக்கு வா என்றாள். போனேன்.

வளைவில் ஒரு பெரிய பாறை. மரங்களுக்கு இடையில் கடல் தெரிந்தது. இப்போது நிஜமாகவே ஏறியிருந்தது. நாங்கள் முதலில் துணி விரித்த இடம் நனைந்துவிட்டிருந்தது. அக்கா கையை உயரத் தூக்கிக் கைப்பேசியை அங்குமிங்கும் காட்டினாள். இரண்டு கோடு விழுந்தது. ‘மன்னிக்கவும், என்னால் வர இயலவில்லை’ என்று மலாயில் தட்டச்சு செய்தாள். எழுத்துப்பிழை இருக்கிறதா பார் என்று என்னிடம் கொடுத்தாள்.

பார்த்தேன். பிழை இல்லை.

“அனுப்பட்டா? கடைசியா கேக்கறேன். நீ என்ன சொல்ற?”

“உங்க இஷ்டம்கா.”

இரண்டாவது முறையும் அவள் கேட்டாள், இரண்டாவது முறையும் நான் நழுவினேன். யாருடைய இஷ்டம்? தெரிந்தவள் நான், தெரியாதவள் அவள். அவள் அனுப்பினாள். ஒரு டிக், கொஞ்ச நேரம் கழித்து இரண்டு டிக். “பாரம் கொறஞ்சுச்சு” என்று சொல்லி என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறக்கத்தில் அவளுக்கு முட்டி வலிக்கும். எடை முழுவதையும் என்மேல் போட்டுக்கொண்டு, என்னை நம்பி, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததை நீட்டி முழக்க எனக்குத் தெம்பில்லை. பத்து நாளில், சொன்னதைவிட முன்பாகவே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை எல்லோரையும் கேண்டீனுக்குக் கூப்பிட்டார்கள். பழுப்பு உறையில் கடிதம். மத்தியானத்துக்குள் லாக்கரைக் காலி செய்ய வேண்டும். சிலர் அழுதார்கள், ஒருத்தி மேசையை உதைத்தாள். அக்கா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பத்து காவான் பெக்டரிக்கு அங்கேயே உட்கார்ந்து ஒரு மெசேஜ் போட்டாள். ஆள் எடுத்தாகிவிட்டது என்று ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. நாற்பத்தாறு வயதில் இன்னொரு இன்டர்வியூவுக்கு யார் கூப்பிடப்போகிறார்கள்?

பஸ் நிறுத்தத்தில் நான் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் ஏறிவிட்டார்கள். அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அன்னிக்குக் கூடாரத்துல பாசாங்குன்னு சொன்னியே. கடலத்தானே சொன்னே?”

அவள் கண்கள் என் முகத்தில் இருந்தன. கோபம் இல்லை. ஆமாம் என்ற பதிலைத்தான் அந்தக் கண்கள் எதிர்பார்த்தன. அதுவும் எனக்கு வசதியாகப் போய்விட்டது.

“ஆமாக்கா. கடலத்தான்.”

“அதானே. உனக்குத் தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பியா?” என்று சொல்லி, பையை வாங்கிக்கொண்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறினாள்.

பஸ்ஸுக்குள் என்ன நடந்தது என்று பிறகு ஒருத்தி எனக்குச் சொன்னாள். லீடருக்கு முன்னாடியே தெரியும், அவளுக்கு மட்டும் ஏன் கடிதம் வரவில்லை என்று யாரோ ஆரம்பித்திருக்கிறார்கள். அக்கா எழுந்து நின்று சண்டை போட்டிருக்கிறாள். என் தங்கச்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் நடக்கிறதே வேறு என்றிருக்கிறாள். பாலம் கடந்து முடியும்வரை சண்டை ஓயவில்லையாம்.

இன்று நான் அந்த வெள்ளை இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பச்சை விளக்கு எரிந்தால் சும்மா இருக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்து நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். அக்கா சுங்கை பாக்காப்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றுகொண்டே காய்கறி நறுக்குகிறாள். சாயங்காலம் கால் வீங்கிவிடுகிறது என்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை கைப்பேசியை எடுத்திருக்கிறேன். சொன்னால், வேலையோடு தங்கச்சியும் இல்லாமல் போய்விடுவாள், அவளுக்கு இன்னொரு அடி எதற்கு என்று வைத்துவிடுவேன். இதுவும் அந்த ஒரு பிடி அரிசிதான். எனக்குத் தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர்மலைக்குப் போய் நின்றாலும் முருகனிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவள் கூப்பிட்டாள். கடைக்கு மூன்று நாள் விடுமுறையாம்.

“அந்தக் காட்டுக்கு மறுபடி ஒருக்கா போவோமா? நம்ப ரெண்டு பேரு மட்டும். கம்பெனி கிம்பெனி ஒண்ணும் வேணாம்.”

“போலாம்கா” என்றேன்.

“நீ சும்மா வந்து ஒக்காந்தா போதும். இந்தத் தடவ பாசாங்கெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு எப்போதும்போலத்தான் சிரித்தாள். எந்தப் பாசாங்கைச் சொல்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ‘சரிக்கா’ என்றேன். அடுத்த சனிக்கிழமை போகிறோம்.